அக்கா நிரப்பிய அட்டைகள்

அக்காவைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் அலுவலகத்தில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். "அந்தம்மா பண்ணுன வேலைக்கு அதை வேற எழுதணுமா?" என்றார் ஒருவர். எழுதத்தான் வேண்டும். அவள் செய்த தப்பையும் எழுத வேண்டும், அதற்குப் பிறகு செய்ததையும் எழுத வேண்டும். ஒன்றைச் சொல்லி ஒன்றை விட்டால் அதற்குப் பெயர் புறணி.

எங்களுடையது ஒரு மருத்துவமனையின் பின்பக்கக் கட்டடத்தில், மூன்றாம் மாடியில் இருக்கும் ஆய்வு அலுவலகம். புதிய மருந்துகளைக் கடைக்கு அனுப்புவதற்கு முன், சம்மதிக்கிற நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். கொடுப்பது டாக்டர்கள் வேலை. கொடுத்த பிறகு அந்த ஆள் என்ன ஆனார் என்று பார்ப்பது அக்கா வேலை. அவள் வாங்கி வரும் தாள்களுக்கு முத்திரை குத்திக் கணினியில் ஏற்றுவது என் வேலை. பதினான்கு வருடமாக இரண்டு பேரும் எதிரெதிர் மேசை. என் மேசையில் பூந்தொட்டி இருக்கும், அவள் மேசையில் எந்நேரமும் யாராவது ஒரு நோயாளி இருப்பார்.

அக்கா இந்த அலுவலகத்துக்குத் தரை துடைக்க வந்தவள். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கணக்கில் கோட்டை விட்டவள். "மூணாவது தடவை எழுதியிருந்தா பாஸ் பண்ணியிருப்பேன், அப்புறம் உன்னை மாதிரி கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். நல்லவேளை தப்பிச்சேன்" என்பாள். துடைப்பத்தோடு நின்றபடி நோயாளிகளிடம் அவள் பேசுவதைப் பெரிய டாக்டர் ஒரு நாள் கேட்டார். படித்த பெண்கள் அரை மணி நேரம் கேட்டும் வாயைத் திறக்காத ஒரு கிழவர், இவளிடம் மூலம் முதல் மருமகள் வரை கொட்டிக்கொண்டிருந்தார். மறு மாதமே துடைப்பம் வேறு கைக்குப் போயிற்று. அக்காவின் கைக்குக் குடையும் பையும் வந்தன.

எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் மாமியார் கடிப்பார், யார் மூன்று மணிக்கு மேல்தான் எழுந்திருப்பார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் கையில் இருந்த ஒரு நோயாளிகூட எந்த ஆய்விலிருந்தும் பாதியில் போனதில்லை. அதற்காகக் கம்பெனி ஒரு சான்றிதழ் கொடுத்தது. அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருந்தாள். அவளுடைய வீட்டுக்காரர், முதுகு போய் வேலையை விட்ட பஸ் கண்டக்டர், "என் போட்டோவைக்கூட இவ்வளவு உயரத்துல மாட்டலம்மா" என்று என்னிடம் குறைபட்டார்.

இப்போது அட்டை விஷயத்துக்கு வருகிறேன்.

மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு வாரம் ஓர் அட்டை. திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டம். காய்ச்சல், வாந்தி, அரிப்பு, தலைசுற்றல் என்று வரிசையாக இருக்கும், கடைசியில் 'வேறு ஏதாவது' என்று ஒரு வரி. தினமும் சாயங்காலம் நோயாளியே உட்கார்ந்து, உண்டு அல்லது இல்லை என்று டிக் போட வேண்டும். இந்த அட்டையைக் கண்டுபிடித்தவர் நாள் முழுக்க உழைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவராக இருக்க மாட்டார். பத்தில் எட்டு பேர் வெறும் அட்டையோடுதான் வருவார்கள். மூன்று அட்டை வெறுமையாக இருந்தால் ஆளை ஆய்விலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது விதி. எடுத்துவிட்டால் மருந்தும் இல்லை, டாக்டரும் இல்லை, பஸ் காசும் இல்லை.

அக்காவுக்கு இந்த விதி பிடிக்காது. அவளுடைய அம்மாவை ஒரு காலத்தில் ஒரே ஒரு தாள் குறைந்ததற்காக ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பினார்களாம். மறுபடி தாளோடு போவதற்குள் காலம் கடந்துவிட்டது. "தாள்ல இல்லாத நோய் உடம்புல இருந்தா இவங்களுக்குக் கண்ணு தெரியாது" என்பாள். அதனால் வெறும் அட்டையோடு வருகிறவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, "இந்த வாரம் ஏதாவது தொந்தரவு?" என்று கேட்பாள். "ஒண்ணுமில்லக்கா" என்பார்கள். ஏழு நாளுக்கும் இல்லை, இல்லை என்று அவளே டிக் போட்டுக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வாள்.

இதற்கென்றே அவள் பையில் மூன்று பேனா இருக்கும். இரண்டு நீலம், ஒன்று கறுப்பு. திங்கள், செவ்வாய் ஒரு பேனா, புதனுக்கு வேறு. கம்பெனியிலிருந்து சரிபார்க்க வருகிறவர் கண்ணில் ஒரே மை பட்டால் சந்தேகம் வருமே! சில அட்டைகளில் டீ டம்ளரை வைத்து ஒரு வட்டக் கறையும் போடுவாள். "வீட்ல கிடந்த அட்டைன்னா கறை இல்லாமலா இருக்கும்?"

எனக்கு இது தெரியுமா? தெரியும். அக்காவின் டிக்குக்குக் கடைசியில் ஒரு சின்ன வால் இருக்கும். எல்லோருடைய அட்டையிலும் அதே வால். நான் பார்த்தேன், சிரித்தேன், முத்திரை குத்தினேன். யாருக்கு என்ன கெட்டது என்று நினைத்தேன். ஒன்றுமில்லை என்பவர் அட்டையில் ஒன்றுமில்லை என்று எழுதுவதில் என்ன பொய்?

அந்த வருடம் வந்தது நாள்பட்ட நெஞ்சுச் சளிக்கான ஒரு மருந்து. தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை, பன்னிரண்டு வாரம். சேர்ந்த நாற்பத்திரண்டு பேரில் ஒரு பெயிண்டர் இருந்தார். நாங்கள் ஏணி என்போம். ஆளும் ஏணி மாதிரி ஒல்லி, வாழ்க்கையும் ஏணி மேல்தான். இருபது வருடம் சுவர் தேய்த்த தூசு நெஞ்சில் போய் உட்கார்ந்து, பேச்சுக்கு நடுவே இருமுவாரா, இருமலுக்கு நடுவே பேசுவாரா என்று சொல்ல முடியாது. முதல் நாள் வந்ததுமே எங்கள் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாரு அடிச்சது? ரெண்டு கோட்டுக்குக் காசு வாங்கிட்டு ஒரு கோட் அடிச்சிருக்கான்" என்றார். அன்றிலிருந்து எனக்கும் அந்தச் சுவரைப் பார்த்தால் கோபம் வருகிறது.

மருந்து வேலை செய்தது. நான்காவது வாரம் இருமல் பாதியாகக் குறைந்தது. ஐந்தாவது வாரத்து அட்டைக்கு அவர் அடுத்த திங்கட்கிழமை வர வேண்டியவர், வெளியூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கப் போக வேண்டும் என்று மூன்று நாள் முன்னதாகவே, வெள்ளிக்கிழமை, வந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்று அக்கா அவர் வருவதற்கு முன்பே அட்டையை நிரப்பி வைத்திருந்தாள். அவர் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு வாசலில் திரும்பி நின்று சிரித்தார்.

"அக்கா, ரெண்டு நாளா ஒரு வேடிக்கை. தரையெல்லாம் மெத்தை மாதிரி இருக்கு."

"தலை சுத்துதா தம்பி?"

"தலையெல்லாம் சுத்தல. கால் வெச்சா அமுங்குற மாதிரி இருக்கு, அவ்வளவுதான்."

"பெரிய பணக்காரர் ஆயிட்டீங்க, வீடு பூரா மெத்தை போட்டிருக்கீங்க" என்றாள் அக்கா. அவர் சிரித்தார், அக்கா சிரித்தாள், நானும் சிரித்தேன். அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அக்கா அட்டையை எடுத்து ஒரு தடவை பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. 'வேறு ஏதாவது' வரியில் எழுத வேண்டுமானால் போட்ட டிக்கை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, ஏன் அடித்தோம் என்று தனித்தாளில் விளக்கம் எழுத வேண்டும். "அடுத்த வாரம் கேட்டுக்கலாம்" என்று என்னிடம் நீட்டினாள். நான் முத்திரை குத்தினேன். அடுத்த வாரம் கேட்டாள். "பழகிப் போச்சுக்கா" என்றார். பழகிவிட்டதே என்று அவளும் விட்டுவிட்டாள்.

பன்னிரண்டு வாரம் முடிந்தது. மூன்று வாரம் கழித்து அவருடைய மனைவி அவரைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தார். ஒரு தையல் தொழிற்சாலையில் பட்டன் வைக்கிற பெண். இருமல் அடியோடு இல்லை. ஆனால் மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். தெருவில் நடந்தால் கடைப்பலகை எழுத்தெல்லாம் குதிக்கிறது என்றார். முகம் கழுவக் கண்ணை மூடினால் விழுகிறார். ஏணியில் இரண்டாவது படியிலிருந்து விழுந்து தோளில் அடி. காது டாக்டர் அவரைக் காலைச் சேர்த்து நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். மூடின மாத்திரத்தில் சாய்ந்தார், அக்காதான் தாங்கிப் பிடித்தாள்.

காதுக்குள் நம்மை நேராக நிறுத்துகிற ஓர் உறுப்பு இருக்கிறதாம். இவருக்கு இரண்டு பக்கமும் அது செத்துப்போயிருந்தது. போனால் திரும்பி வராதது. இனிமேல் கண்ணால் தரையைப் பார்த்துப் பார்த்துத்தான் நடக்க முடியும், ஏணி ஏறவே கூடாது என்றார் டாக்டர். நாற்பத்துமூன்று வயதில், வேறு ஒரு தொழிலும் தெரியாதவரிடம் சொன்னார்.

ஆய்வில் சேரும்போது கொடுக்கிற சம்மதப் பத்திரம் பதினான்கு பக்கம். பதினோராம் பக்கத்தில், ஆய்வினால் பாதிப்பு ஏற்பட்டால் முழுச் சிகிச்சையும் இழப்பீடும் தரப்படும் என்று இருக்கிறது. எல்லாச் சண்டையும் அந்த 'ஆய்வினால்' என்ற ஒரு சொல்லில்தான். கம்பெனியின் காப்பீட்டுக்காரர் கேட்டார்: பன்னிரண்டு வாரம், எண்பத்துநான்கு நாள், ஒரு நாள்கூட இவர் ஒரு தொந்தரவும் சொல்லவில்லையே? மருந்து நின்ற பிறகு வந்தது எப்படி மருந்தால் வந்ததாகும்? பெயிண்டில் கலக்கிற தின்னரை முகர்ந்தாலும் இப்படி ஆகலாமே? கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

முடிவு சொல்ல வேண்டியது ஒரு குழு. ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா ஒருவர் தலைவர். விசாரணைக்கு முதல் நாள் பெரிய டாக்டர் அக்காவை அழைத்தார். கதவு திறந்தே இருந்ததால் எனக்கும் கேட்டது. அட்டையை யார் நிரப்பினார்கள் என்பது அவருக்கு அதற்குள் புரிந்துவிட்டிருந்தது.

"பொய் சொல்லுங்கன்னு நான் சொல்லல. கேட்டா உண்மையைச் சொல்லுங்க. கேட்காததை நீங்களா போய்ச் சொல்ல வேண்டாம். ஒரு அட்டை பொய்யின்னா எல்லா அட்டையும் பொய்யாயிடும். பன்னிரண்டு ஊர்ல நடக்குற ஆய்வு இது. இந்த மருந்துக்கு எத்தனை பேர் இருமிக்கிட்டுக் காத்திருக்காங்க தெரியுமா?"

அவர் கெட்டவர் இல்லை. ஏழு வருடம் அந்த மருந்துக்காகத் தூக்கத்தைத் தொலைத்தவர். கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அக்கா என்னிடம், "கேட்டாங்கன்னா சொல்லிடுவேன்" என்றாள். முகம் வீங்கியிருந்தது. வேலை போனால் என்ன செய்வது என்று வீட்டுக்காரரிடம் கேட்டாளாம். "எனக்கு முதுகு போச்சு, உனக்கு வேலை போகுது. ரெண்டு பேரும் உக்காந்து நாள் பூரா சண்டை போடலாம். இப்ப சாயங்காலம் மட்டும்தானே போடுறோம்" என்றாராம். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

விசாரணை எங்கள் மூன்றாம் மாடிக் கூட்ட அறையிலேயே நடந்தது. பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்ய என்னை உட்கார வைத்தார்கள். உள்ளே போகும் முன் பெயிண்டர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "அக்கா பேரு எங்கயும் வரக் கூடாது. அவங்க இல்லாட்டி என்னை மூணாவது வாரமே வெளிய தள்ளியிருப்பாங்க. இப்பவும் டாக்டர் டாக்டரா என்னைக் கூட்டிக்கிட்டு அலையுறாங்க. நல்லது செஞ்சவங்களை மாட்டி விட்டா எனக்குச் சோறு இறங்காது" என்றார். நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

நீதிபதி அம்மா பன்னிரண்டு அட்டைகளையும் மேசையில் பரப்பினார். மெதுவாகத்தான் கேட்டார்.

"இதெல்லாம் நீங்களே நிரப்புனதா?"

பெயிண்டர் ஒரே ஒரு தடவை அக்கா பக்கம் பார்த்தார்.

"ஆமாம்மா. நான்தான். தினமும் சாயங்காலம்."

"ஏங்க, என்ன சொல்றீங்க?" என்று அவர் மனைவி வாயெடுத்தார். அவர் அந்தப் பெண்ணின் கையை அழுத்தினார்.

காப்பீட்டுக்காரர் குரலை உயர்த்தவே இல்லை. "அப்போ அந்தப் பன்னிரண்டு வாரத்துல எந்தத் தொந்தரவும் இல்ல. சரிதானே?"

"தொந்தரவுன்னு சொல்ல முடியாதுங்க" என்றார் பெயிண்டர்.

என் விரல் அதைத் தட்டிவிட்டது. ஒரு வரியில் ஒரு மனிதன் தன் மிச்ச வாழ்க்கையை எழுதிக் கொடுத்துவிட்டான், அதுவும் மரியாதைக்காக. அடப்பாவி மனுஷா என்று கத்த வேண்டும் போலிருந்தது. பெரிய டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி யாரும் அக்காவை எதுவும் கேட்கத் தேவையில்லை. கேட்டால் சொல்கிறேன் என்றவள் கேட்காமலே தப்பிவிட்டாள். நீதிபதி அம்மா அட்டைகளை அடுக்க ஆரம்பித்தார்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து நின்றிருந்தாள்.

"அது அவர் நிரப்புனது இல்லம்மா. நான்."

"அக்கா, நீங்க உக்காருங்க" என்றார் பெயிண்டர்.

"பன்னெண்டும் நான்தான். அவர் கையெழுத்து மட்டும்தான் போட்டாரு. அவரை ஆய்விலிருந்து எடுத்துடக் கூடாதுன்னு செஞ்சேன்."

காப்பீட்டுக்காரர் தலையை ஆட்டினார். "உங்களுக்கு இவர் மேல இரக்கம். அது புரியுது. ஆனா இரக்கத்துல யார் வேணும்னாலும் இப்படிச் சொல்லலாமே? நிரப்புனது நீங்கதான்னு என்ன அத்தாட்சி?"

அக்கா மேசைக்குப் போய் ஐந்தாவது அட்டையை உருவி நீதிபதி முன் வைத்தாள். "இதுல ஆபீஸ் முத்திரை என்ன கிழமைன்னு பாருங்கம்மா."

வெள்ளிக்கிழமை. நான் குத்திய முத்திரை. பளிச்சென்று நடுவில் விழுந்திருந்தது. அந்த அட்டையில் சனிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் டிக் இருந்தது. சனிக்கு நீலம், ஞாயிறுக்குக் கறுப்பு.

கம்பெனிக்காரர் இரண்டு முறை சரிபார்த்த அட்டை அது. நான் ஒவ்வொரு கட்டமாகக் கணினியில் ஏற்றிய அட்டை. இன்னும் விடியாத இரண்டு நாளில் ஒரு மனிதனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நாங்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தோம்.

"வராத நாளுக்கும் எழுதியிருக்கீங்க" என்றார் நீதிபதி அம்மா.

"ஆமாம்மா. இன்னொண்ணும் இருக்கு." அக்கா பெயிண்டர் பக்கம் திரும்பினாள். "அன்னைக்குத்தான் அவர் என்கிட்டச் சொன்னாரு, தரை மெத்தை மாதிரி இருக்குன்னு. நான் கேலி பண்ணிட்டேன். அட்டையை ஏற்கனவே எழுதி முடிச்சிருந்தேன். அடிச்சுத் திருத்தச் சோம்பல் பட்டு விட்டுட்டேன்."

சாட்சி சொல்ல வந்து உட்கார்ந்திருந்த காது டாக்டர் நிமிர்ந்தார். "அஞ்சாவது வாரத்துலயா?" கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதுதான் முதல் அறிகுறி, மருந்துக்கே உரிய அறிகுறி, தின்னரால் இப்படித் தொடங்காது என்றார்.

"அன்னைக்கே மருந்தை நிறுத்தியிருந்தா?" என்று நீதிபதி அம்மா கேட்டார்.

"முழுசா இல்லாட்டியும் பெரும் பகுதியைக் காப்பாத்தியிருக்கலாம்."

நான் தட்டச்சு செய்வதை விட்டுப் பெயிண்டரைப் பார்த்தேன். அதுவரை அவர் அக்காவுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த முகம். யார் டிக் போட்டால் என்ன என்று நினைத்திருந்தவருக்கு அந்த வாக்கியம் மெதுவாகத்தான் உள்ளே போயிற்று. போனது தெரிந்தது. மனைவியின் கையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

முடிவு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வாரத்தில் எழுத்தில் வந்தது. பாதிப்பு ஆய்வினால்தான், ஆயுள் முழுக்கச் சிகிச்சை, சம்பாத்தியம் போனதற்கு இழப்பீடு. அதை வைத்து அவர்கள் தெரு முனையில் பெயிண்ட் விற்கிற சின்னக் கடை போட்டார்கள், மனைவி கல்லாவில், அவர் நாற்காலியில். அக்காவுக்கு வேலை போயிற்று, சான்றிதழைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். பெரிய டாக்டர் எங்கள் ஊரின் கணக்கை ஆய்விலிருந்தே நீக்கும்படி ஆயிற்று. அட்டை முறையை எடுத்துவிட்டு, இப்போது ஒவ்வொருவரையும் எழுப்பி நடக்க வைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அன்று விசாரணை முடிந்து ஐந்து நிமிடத்தில் நடந்தது.

லிஃப்ட் பழுது. மூன்று மாடி இறங்க வேண்டும். ஏறும்போது பெயிண்டர் ஒரு பக்கம் மனைவியையும் ஒரு பக்கம் அக்காவையும் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். இப்போது அக்கா பழக்கத்தில் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார், பிடிக்கவில்லை. மனைவியே அழுது அழுது தள்ளாடிக்கொண்டிருந்தார். பெயிண்டர் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே அடுத்த படிக்கு நகர்ந்தார். இருபது வருடம் ஏணியில் ஏறி இறங்கியவர், படிக்கட்டில் குழந்தை மாதிரி தேய்த்துக்கொண்டு இறங்கினார்.

அக்கா அவருக்கு முன்னால் போனாள். அவரைப் பார்த்துத் திரும்பி நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவர் விழுந்தால் தன்மேல் விழட்டும் என்று. நான் அவர் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். மேலே வந்தவர்கள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள்.

கீழே வந்து சுவரைப் பிடித்து எழுந்து நின்றார்.

"ஏழு வாரம்க்கா" என்றார். "அதுக்கப்புறமும் ஏழு வாரம் முழுங்கியிருக்கேன்."

"ஆமா தம்பி."

"மன்னிப்பு கின்னிப்பு கேட்டுடாதீங்க. நீங்க கேட்டா நான் பரவாயில்லைன்னு சொல்லித் தொலைப்பேன். சொல்ல எனக்கு மனசு வரல."

அக்கா கேட்கவில்லை.

"மிச்சம் எத்தனை பேர் இருக்காங்க?"

"நாப்பத்தொரு பேர்."

"எல்லாருக்கும் நீங்கதானே போட்டீங்க? இன்னும் எத்தனை பேர் மாத்திரை போட்டுக்கிட்டு இருக்காங்க?"

"ஒன்பது பேர். கடைசியா சேர்ந்தவங்க."

"அப்புறம் இங்க என்ன நின்னுக்கிட்டு இருக்கீங்க?" என்றார்.

அக்கா மேலே போய்த் தன் பையைக்கூட எடுக்கவில்லை. நேராகப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அவள் கையில் காசு இல்லை என்று தெரிந்து நானும் ஓடினேன்.

முதலில் போனது ஒரு ரொட்டிக்கடைப் பெண்ணின் வீடு. மாத்திரை ஆரம்பித்து நான்காவது வாரம். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு, "வாங்கக்கா, அட்டைக்கு வந்தீங்களா?" என்று உட்கார வைத்தார். இந்த வாரம் எப்படி என்று அக்கா கேட்டாள். ஒன்றுமில்லை, இருமல்கூட நின்றுவிட்டது என்றார் அந்தப் பெண். வழக்கமாக அத்தோடு அக்கா எழுந்துவிடுவாள். அன்று எழவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் டீ கொடுத்தார், குடித்தாள். பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார், கேட்டாள். அரை மணி நேரம் இருக்கும். அடுப்பை அணைக்கப் போன அந்தப் பெண் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றார்.

"என்னம்மா?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா, இதெல்லாம் போய்ச் சொல்லுவாங்களா? இருட்டுல நடந்தா மட்டும் யாரோ பிடிச்சுத் தள்ளுற மாதிரி இருக்கு. எனக்கே சிரிப்பா வருது."

அக்கா சிரிக்கவில்லை. "இன்னைக்கு மாத்திரை போட்டாச்சா?"

"இன்னும் இல்லக்கா. சாப்பிட்டுத்தானே போடணும்."

"போடாத" என்றாள் அக்கா. எழுந்து போய், அலமாரியில் இருந்த மாத்திரை டப்பாவை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அழ ஆரம்பித்தாள்.